படைவீரனின் கண்ணும் நிறக்கண்ணாடியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

நவீன இராணுவமொன்றின் சீருடை விதிக்கோவையைப் புரட்டுவோர், அதிற் காணப்படும் நுண்மைகளைக் கண்டு முதலில் நகைக்கவே கூடும். மயிரின் நீளம், மோதிரத்தின் எண்ணிக்கை, தொப்பியின் சாய்வு என நீளும் அவ்விதிகளின் நடுவே கறுப்புக் கண்ணாடி பற்றியும் சில வரிகள் உண்டு. எந்நிற வில்லையை அணியலாம், எங்கே அணியலாம், எங்கே கழற்றவேண்டும் என்பன அங்கு வரையறுக்கப்பட்டுள்ளன. வரலாற்று மாணவன் இத்தகைய சிறு பொருளிற் காலத்தைச் செலவிடுவது தகுமா என்ற வினா எழலாம்.

தகும் என்பதே எமது கருத்து. 1857 செப்ரெம்பர் 25ஆம் திகதி ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ், உற்பத்திச் சக்திகளுக்கும் சமூக உறவுகளுக்கும் இடையேயுள்ள தொடர்பு பற்றிய தமது கொள்கையின் பொருத்தத்தை இராணுவத்தின் வரலாறு வேறெதனினும் தெளிவாகப் புலப்படுத்துகிறது எனக் குறிப்பிட்டார். கூலி முறை, வேலைப் பிரிவினை, இயந்திரங்களின் பெருமளவான பயன்பாடு ஆகியன படைகளிலேயே முற்பட வளர்ச்சியுற்றன என்பது அவர் வாதம். பேராயுதங்களின் வரலாற்றில் மாத்திரமன்றி, படைவீரனின் உடலைத் தொட்டு நிற்கும் சிறு பொருட்களின் வரலாற்றிலும் இத்தொடர்பினைக் காணமுடியும்.

நிறக்கண்ணாடி பற்றிய விதிகள் கண்ணைப் பற்றியவை போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை, படைவீரனின் கண் யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு அரசு காலந்தோறும் அளித்துவந்த விடைகளாகும். இவ்விடைகள் எவ்வாறு உருவாயின என்பதையே இக்கட்டுரையில் நோக்க முனைகிறோம்.

2

தமிழ் மரபில் வீரம் கண்ணிற் குடிகொண்டிருந்தது. அஞ்சாமையைக் குறிக்கும் 'தறுகண்', 'வன்கண்' ஆகிய சொற்கள் இதற்குச் சான்று. எதிரி வேலை எறியும்போது வீரனின் விழித்த கண் இமைக்குமாயின் அதுவே புறங்காட்டி ஓடியதற்கு ஒப்பாகும் என்ற கருத்தினைத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்திற் காண்கிறோம். வள்ளுவம் வீரயுகத்துக்குப் பிந்தியது. ஆயினும் அவ்யுகத்தின் விழுமியமொன்றினை அது இவ்விடத்திற் பேணி நிற்கிறது எனலாம். ஆளும் ஆளும் நேருக்குநேர் நின்று பொருத போர்முறையிலே திறந்த கண் வீரனின் தனிச்சொத்து. அவனது புகழின் இருப்பிடம். அதனை மறைப்பது அல்லது காப்பது என்ற எண்ணத்துக்கு அங்கு இடமில்லை.

கூலிப்படையின் நிலை வேறு. கி.மு. 401இற் பாரசீக அரியணைப் போட்டியொன்றிற் கூலிக்குப் போர்புரியச் சென்ற பதினாயிரம் கிரேக்கர், தமக்குக் கூலி தந்தவன் மாண்டபின்னர் ஆர்மீனிய உயர்நிலங்களின் பனியூடாகத் தாயகம் நோக்கி நடந்தனர். அந்நடையில் தாமும் பங்குகொண்ட செனோபன், தமது 'அனபாசிஸ்' நூலில் இரு செய்திகளைப் பதிவுசெய்துள்ளார். கண்ணெதிரே கரிய பொருளொன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோர் பனியின் ஒளியினின்றும் கண்களைக் காத்துக்கொண்டனர் என்பது ஒன்று. பனியினாற் பார்வையிழந்தோரும் குளிரினாற் கால்விரல்களை இழந்தோரும் வழியிற் கைவிடப்பட்டனர் என்பது மற்றொன்று.

இவ்விரு செய்திகளும் ஒருங்கே வைத்து நோக்கற்பாலன. இங்கே கண் புகழின் இருப்பிடமாக இல்லை. நடப்பதற்கு வேண்டிய கருவியாக உள்ளது. கருவி பழுதுற்றால் அதனையுடையவன் கைவிடப்படுகிறான். நிறக்கண்ணாடியின் இராணுவ வரலாறு இக்கரிய பொருளுடன் தொடங்குகிறது எனலாம். ஆயின் அது அன்று எவரது ஆணையினாலும் வழங்கப்படவில்லை. நடந்தோர் தாமே கண்டுகொண்ட உபாயம் அது.

3

இவ்வுபாயம் அரசின் வழங்கற் பொருளாக மாறியது குடியேற்றவாத யுகத்திலாகும். அம்மாற்றத்துக்கு முன்னே பெருந்தொகையான கண்கள் அழியவேண்டியிருந்தது.

1798இல் நெப்போலியனின் படையும் 1801இற் பிரித்தானியப் படையும் எகிப்தில் இறங்கின. இரு படைகளையும் கொடிய கண்ணோயொன்று பற்றிக்கொண்டது. பாலைவனத்தின் ஒளியும் மணலும் இரவின் பனியுமே அதன் காரணமென மருத்துவர் பலர் முதலிற் கருதினர். அது தொற்றுநோய் என்பதும், நெருக்கமான படைவீடுகளும் பொதுவான கழுவுநீரும் துவாய்களுமே அதனைப் பரப்பின என்பதும் பின்னரே தெளிவாயின. படைகள் நாடு திரும்பியபோது நோயும் உடன் திரும்பியது. 1805இல் இலண்டனில் நிறுவப்பட்டு, பிற்காலத்தில் மூர்ஃபீல்ட்ஸ் எனப் பெயர்பெற்ற கண் மருத்துவ நிலையத்தின் தோற்றத்துக்கு இந்நோய் முக்கிய உந்துதலாக அமைந்தது. 1818இற் பார்வையிழப்புக் காரணமாக ஓய்வூதியம் பெற்றுவந்த பிரித்தானியப் படைவீரரின் தொகை 5,000ஐத் தாண்டியிருந்தது.

இத்தொகை திறைசேரிக்குச் சுமையாயிற்று என்பது ஒருபுறம். அதனினும் கருத்திற்கொள்ளத்தக்கது, அக்கால இராணுவ மருத்துவத்தின் சந்தேகமாகும். படையினின்றும் விடுதலை பெறுவதற்காகச் சிப்பாய்கள் தம் கண்களைத் தாமே புண்படுத்திக்கொள்கின்றனர் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுந்தது. போலி நோய்கள் பற்றிய இராணுவ மருத்துவ நூல்களிற் கண்ணோய்க்குத் தனியிடம் இருந்தது. குற்றச்சாட்டு எவ்வளவுக்கு உண்மையோ, அவ்வளவுக்கு அது படைவாழ்வின் கொடுமைக்குச் சாட்சியாகும். ஒருவன் தன் கண்ணையே விலையாகக் கொடுத்து வெளியேற முனைவானாயின், அவன் வெளியேற முனைந்த இடம் எத்தகையது என்பதை நாமே உய்த்துணரலாம். தன் கண்ணைத் தான் கெடுத்துக்கொள்வது குற்றமாயின், அக்கண் ஏற்கெனவே வேறொருவருடையதாகிவிட்டது என்பதும் அதனாற் பெறப்படும்.

1880களிற் பிரித்தானியப் படைகள் எகிப்துக்கும் சூடானுக்கும் மீண்டும் சென்றபோது நிலை மாறியிருந்தது. நிறமூட்டிய காப்புக் கண்ணாடியும் முகத்திரையும் படைவீரருக்கு வழங்கப்பட்டன. சுயெஸ் கால்வாய் 1869இற் திறக்கப்பட்டிருந்தது. இந்தியாவுக்கான வழியைக் காத்தல் பேரரசின் உயிர்ப்பிரச்சினையாயிருந்தது. கப்பலிற் கொணர்ந்து பாலைவனத்தில் இறக்கப்பட்ட ஒவ்வொரு சிப்பாயும் முதலீடாகக் கணிக்கப்பட்டான். கண்ணாடி அம்முதலீட்டின் காப்புறுதியாகும்.

இக்காப்புறுதி எங்கும் போதிய அளவிற் சென்றடையவில்லை. 1895இற் சித்ராலில் முற்றுகையிடப்பட்டிருந்தோரை மீட்கும் பொருட்டுக் கேர்ணல் கெல்லியின் தலைமையிற் கில்கிற்றிலிருந்து புறப்பட்ட சிறு படையில், பஞ்சாப் சிப்பாய்களும் காஷ்மீர்ப் படையினரும் சுமைகூலிகளும் இருந்தனர். ஏப்ரில் முற்பகுதியில் ஏறத்தாழ 3,700 மீற்றர் உயரமுள்ள சந்தூர் கணவாயை, பீரங்கிகளைக் கைகளாலே தூக்கிச் சுமந்து அவர்கள் கடந்தனர். பனியொளியினாற் பார்வை மங்கியோரும் பனிக்கடியினால் வருந்தியோரும் அவர்களிடையே பலர். பேரரசின் வீரச்செயல் எனப் பின்னர் எழுதப்பட்ட அந்நடையின் விலையிற் பெரும்பங்கு, பெயர் பதியப்படாத அக்கண்களிலிருந்தே பெறப்பட்டது.

4

இருபதாம் நூற்றாண்டில் வானூர்தி இவ்வரலாற்றினைப் புதிய கட்டத்துக்கு இட்டுச்சென்றது. மேகங்களுக்கு மேலே ஒளி கடுமையானது. உயரமும் குளிரும் கண்ணை வருத்துவன. 1920இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர்பறப்புச் சோதனையொன்றின்போது விமானி ஷ்ரோடர் காப்புக் கண்ணாடியைக் கழற்றநேர்ந்து, கண்கள் உறைந்த நிலையில் தரையிறங்கினார். விமானியின் கண் பழுதுற்றால் அவனுடன் பெருவிலை கொண்ட இயந்திரமும் அழியும். எனவே அவனது கண் ஆய்வுக்கூடங்களின் அக்கறைக்குரியதாயிற்று. 1930களிற் போஷ் அன்ட் லொம் நிறுவனம் ஒளியைத் தணிக்கும் பச்சை வில்லைகளை உருவாக்கி, 1937இல் 'றே-பான்' என்ற பெயரிற் சந்தைப்படுத்தியது. 1941இல் ஐக்கிய அமெரிக்காவின் தரைப்படை விமானப் பிரிவுக்கும் கடற்படைக்கும் பொதுவான விமானிக் கண்ணாடி நியமமொன்று வகுக்கப்பட்டது. 1950களின் இறுதியில் அதனிடத்தை, ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 வீதத்தை மாத்திரம் உட்புகவிடும் சாம்பல்நிற வில்லைகள் கொண்ட புதிய வகை பெற்றுக்கொண்டது.

விமானிகளிற் பெரும்பாலோர் ஆணைபெற்ற அதிகாரிகள் ஆவர். கவசவாகனம் செலுத்தியோருக்கும் மலைப்படையினருக்கும் தூசியையும் பனியையும் தடுக்கும் கண்ணாடிகள் கிடைத்தன. ஆயின் வெயிலில் நடந்த காலாட்படையினனுக்கு நிறக்கண்ணாடி சீருடையின் இயல்பான கூறாக அமையவில்லை. இயந்திரத்துடன் இணைந்த கண் முதலில் பாதுகாக்கப்பட்டது. இயந்திரமற்ற கண் காத்திருந்தது. தொழிற்சாலையிலே தொழிலாளியை விட இயந்திரம் மேலாகப் பேணப்படுதல் பற்றி நாம் அறிந்தவற்றிலிருந்து இது வேறுபட்டதன்று.

இதன் பண்பாட்டு விளைவும் கவனிக்கத்தக்கது. 1944 ஒக்ரோபர் 20ஆம் திகதி பிலிப்பைன்ஸின் லெய்ற்றேத் தீவிற் கடல்நீரில் நடந்து கரையேறும் ஜெனரல் மக்ஆதரின் கறுப்புக் கண்ணாடி, உலகெங்கும் பரவிய நிழற்படத்தின் வாயிலாக அவரது அடையாளமாகிவிட்டது. தளபதியின் முகத்தில் அது தனித்துவத்தின் சின்னம். போரின் பின்னர் அதே கண்ணாடி சாதாரண மக்களுக்கான பண்டமாகப் பல்கிப் பெருகியது. அணிவகுத்து நிற்கும் சிப்பாயின் முகத்தில் மாத்திரம் அது ஒழுங்கீனமாகவே எஞ்சியது.

5

கண்ணாடியின் பகிர்வும் அதிகாரத்தின் பகிர்வும் ஒன்றையொன்று எவ்வாறு தொடர்ந்தன என்பதற்கு அணுகுண்டுச் சோதனைகளின் வரலாறு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

1945 யூலை 16ஆம் திகதி நியூ மெக்சிக்கோவில் முதலாவது அணுவெடிப்பு நிகழ்ந்தபோது, அதனைப் பார்வையிட்டோருக்கு உலோக ஒட்டுவேலை செய்வோர் பயன்படுத்தும் கரிய கண்ணாடி வழங்கப்பட்டிருந்தது. தொழிலாளியின் காப்புப்பொருளொன்று அறிவியலாளரின் கைக்கு வந்தது. 1951இல் எனிவெற்றோக் பவளத்தீவிலே நடந்த சோதனையின்போது எடுக்கப்பட்ட புகழ்பெற்ற நிழற்படமொன்று, சாய்வு நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்து கரிய காப்புக் கண்ணாடிகளினூடாக வெடிப்பின் ஒளியை நோக்கும் விருந்தினரைக் காட்டுகிறது. திரைப்படக் கொட்டகையிற் படம் பார்ப்போரை ஒத்த அமைதி அவர்கள் தோற்றத்தில் உள்ளது.

அதே ஆண்டு தொடக்கம் 1957 வரை நெவாடாப் பாலைவனத்திற் படையினரைக்கொண்டு வெடிப்புப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. பதுங்குகுழிகளிற் குந்தியிருந்த சிப்பாய்கள் தலையைக் கவிழ்த்துக் கண்களைக் கைகளால் மூடிக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டனர். 1957இலும் 1958இலும் பசிபிக்கின் கிறிஸ்மஸ் தீவிற் பிரித்தானியா நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனைகளின்போது, கடற்கரையில் அமர்த்தப்பட்ட படையினர் வெடிப்புத் திசைக்கு முதுகைக் காட்டி, முட்டிகளைக் கண்களில் அழுத்திக்கொண்டனர். மூடிய இமைகளினூடாகத் தம் கைகளின் எலும்புகளைக் கண்டதாக அவர்களிற் பலர் பிற்காலத்திற் சாட்சி கூறியுள்ளனர். பிரித்தானியரோடு நியூசிலாந்தினரும் பீஜித் தீவினரும் அச்சோதனைகளில் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர்.

ஒருசாரார் பார்ப்பதற்காக அழைக்கப்பட்டனர். அவர்களுக்குக் கண்ணாடி கிடைத்தது. மறுசாரார் அங்கே இருப்பதற்காகவே கொண்டுவரப்பட்டனர்; அவர்களுக்குத் தம் கைகளே கண்ணாடியாயின. பிரித்தானியச் சோதனைகளில் ஈடுபட்ட 20,000க்கும் மேற்பட்ட படையினருக்கு நினைவுப் பதக்கம் வழங்கப்படும் என்ற அறிவிப்பு 2022 நவம்பரிலேதான் வெளிவந்தது. அதற்குள் அவர்களிற் பெரும்பாலோர் இறந்துவிட்டனர்.

6

இப்பின்னணியில் இன்றைய விதிகளை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் சீருடை ஒழுங்குவிதி 670-1 நிறக்கண்ணாடி பற்றி விரிவாகப் பேசுகிறது. சாம்பல், மண்ணிறம், கடும்பச்சை ஆகிய வழக்கமான நிறங்களில் அடக்கமான கண்ணாடிகள் ஏற்புடையன. சிவப்பு, மஞ்சள், நீலம், ஊதா போன்ற பகட்டான நிறங்கள் ஏற்புடையன அல்ல. வில்லையிலோ சட்டத்திலோ எழுத்தும் அலங்காரமும் கூடா. சீருடையின் தோற்றத்தைக் கெடுக்குமளவுக்குப் பெரியனவும் சிறியனவும் விலக்கப்பட்டுள்ளன. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்தலும் சீருடையிற் கொளுவித் தொங்கவிடுதலும் ஆகா. கட்டடத்தினுள் அணிதல் ஆகாது. அணிநிலையில் வரிசையாக நிற்கும்போது அணிதலும் ஆகாது. களத்திலே ஒளி மிகக் கடுமையாயுள்ள சூழலிற் பாதுகாப்புக் கருதித் தளபதி பணித்தால் அணியலாம். மருத்துவக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. மரைன் படையின் விதியும் கண்ணைக் கவரும் விசித்திரமான கண்ணாடிகளை விலக்கி, படையினருடன் அணிநிலையில் நிற்கும்போது நிறக்கண்ணாடியைத் தடுக்கிறது.

இவ்விதிகளின் உட்கிடை யாது? வெயிலின் கொடுமை உச்சம் பெறுவது, திறந்த அணிவகுப்புத் திடலில் அசையாது நிற்கும் வேளையிலாகும். அவ்வேளையிலேயே கண்ணாடி தடுக்கப்படுகிறது. கண்ணின் நலமே நோக்கமாயின் விதி நேர்மாறாக அமைந்திருக்கவேண்டும்.

சீருடையின் ஒருமையே நோக்கம் எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதம் நிலைக்காது. தலைக்கவசமும் சப்பாத்தும் எல்லோருக்கும் ஒன்றாக வழங்கப்படுவதுபோல ஒரேவகைக் கண்ணாடியையும் எல்லோருக்கும் வழங்கி அணியச் செய்தால், ஒருமை கெடாதது மட்டுமன்றி மேலும் வலுவுறும். ஆகவே தடுக்கப்படுவது வேற்றுமை மாத்திரமன்று, மறைப்பும் தடுக்கப்படுகிறது.

அணிவகுப்பிற் பரிசோதனை செய்யும் அதிகாரி வரிசை நெடுகிலும் நடந்து ஒவ்வொருவனது முகத்தையும் நோக்குகிறான். சிப்பாயோ நேரெதிரே வெறுவெளியை நோக்கி நிற்கவேண்டும். அதிகாரியின் கண்ணை அவன் நோக்கலாகாது. அவனது கண் அங்கே பார்ப்பதற்குரிய கண் அன்று, பார்க்கப்படுவதற்குரிய கண்ணாகும். கறுப்புக் கண்ணாடி இவ்வுறவினைத் தலைகீழாக்க வல்லது. அதனை அணிந்தவன், தான் பார்க்கப்படாமற் பிறரைப் பார்க்கிறான். அந்த ஆற்றலே கீழ்நிலையோனுக்கு மறுக்கப்படுகிறது. இவ்வொழுங்கின் நீட்சியைக் கண்மணியிலும் காணலாம்: கண்ணின் இயல்பான நிறத்தை மாற்றும் ஒட்டுவில்லைகளும் அதே விதிக்கோவையில் விலக்கப்பட்டுள்ளன.

மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட 'கண்காணிப்பும் தண்டனையும்' என்ற நூலிற் படைவீரனின் உடல் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதனையும், பாசறை ஒரு கண்காணிப்பு ஒழுங்காக எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதனையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் தரும் விவரணம் பயனுடையது. ஆயினும் அக்கண்காணிப்பு எவ்வர்க்கத்தின் நலனுக்கு உதவுகிறது என்ற வினா அங்கே பின்னொதுங்கிவிடுகிறது. மார்க்சோ 'மூலதனம்' முதற்பாகத்தில், மூலதனத்தின் ஆணைக்குட்பட்ட தொழிலாளர் திரள், உண்மையான இராணுவம் போலவே தனக்குரிய அதிகாரிகளையும் சார்ஜன்களையும் வேண்டிநிற்கிறது எனச் சுட்டியிருந்தார். மேற்பார்வை என்பது வெறும் பார்வையன்று. பிறனது உழைப்பின்மேற் செலுத்தப்படும் உரிமையின் வடிவம் அது.

7

போரின் தொழில்நுட்பம் இவ்வொழுங்கினை உள்ளிருந்தே முரண்படச் செய்தது. முன்னிருந்து நோக்கும்போது தெரியும் மனித உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 0.27 வீதமே கண்ணாகும். எனினும் 19ஆம் நூற்றாண்டுப் போர்களிற் காயங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாயிருந்த கண்காயங்கள், 1991 வளைகுடாப் போரில் ஐக்கிய அமெரிக்கப் படையினரிடையே ஏறத்தாழ நூற்றுக்கு 13 வீதமாக உயர்ந்தன. சிதறுண்டு பாயும் நுண்துணுக்குகளைப் பெருமளவில் வெளிவிடும் ஆயுதங்கள் பெருகியமை இதன் முதற் காரணமாகும். உடற்கவசம் நெஞ்சைக் காத்து உயிரைத் தக்கவைத்தமையால், முன்னர் இறந்திருக்கக் கூடியோர் கண்ணிழந்து வாழ்ந்தனர் என்பது மற்றொரு காரணம்.

இதற்கான தீர்வு நெடுங்காலமாகவே கைவசம் இருந்தது. பொலிகாபனேற் என்னும் வலிய பிளாத்திக்கு 1953இல் ஜேர்மனியிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. விநாடிக்கு ஏறத்தாழ 200 மீற்றர் வேகத்தில் வரும் சிறு துணுக்கைத் தாங்கும் வில்லைகளை அதனாற் செய்யமுடியும். நிறமூட்டினால் அதுவே வெயிற் கண்ணாடியுமாகும். சிறப்புச் சாயமூட்டினால் லேசர்க் கதிரையும் தடுக்கும். துணுக்கையும் லேசரையும் ஒருங்கே தடுக்கும் கண்ணாடியை ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை தன் வீரருக்கு வழங்கியது. அவர்களிற் பலரோ அதனை அணியவில்லை. அதன் அவலட்சணமான தோற்றமே அவர்கள் கூறிய முதன்மையான குறை.

ஆணையினால் ஆகாதது பண்டத்தினால் ஆயிற்று. 2000களில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நீண்டபோது, விளையாட்டு வீரருக்கெனச் சந்தையில் விற்கப்பட்ட கண்ணாடிகளைப் போன்ற அழகிய வடிவங்களைச் சோதித்து அங்கீகரித்து, அவற்றின் பட்டியலொன்றைத் தரைப்படை வெளியிட்டது. சிப்பாய்கள் அவற்றை விரும்பி அணிந்தனர். கண்கள் பல காக்கப்பட்டன. இது உண்மையான நன்மை. இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் இதன் முரணையும் காணவேண்டும். வில்லையில் எழுத்தும் இலச்சினையும் கூடாதெனச் சிப்பாயைத் தடுத்த அதே விதிக்கோவை, பிந்திய பதிப்புகளில், படை வழங்கிய காப்புக் கண்ணாடியாயின் அதன் நிறத்துக்கும் இலச்சினைக்கும் விலக்களித்தது. சிப்பாயின் தனித்துவத்துக்குத் திறக்காத கதவு வணிகக் குறிக்குத் திறந்தது.

சட்டத்தின் துறையிலும் இத்தகைய முரணொன்று உண்டு. நிரந்தரக் குருட்டினை விளைவிப்பதற்கென்றே ஆக்கப்பட்ட லேசர் ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1995 ஒக்ரோபரில் வியன்னாவில் ஏற்கப்பட்டு 1998இல் நடைமுறைக்கு வந்தது. கண்ணைக் குறிவைப்பது மனிதத்தன்மைக்கு ஒவ்வாதது என அரசுகள் ஒப்புக்கொண்டமை வரவேற்கத்தக்கதே. எனினும் நாள்தோறும் கண்களைப் பறிக்கும் துணுக்காயுதங்கள் பொதுவாகச் சட்டபூர்வமானவையாகவே நீடிக்கின்றன. குறிவைத்துக் குருடாக்குதல் குற்றம். பொதுவாகச் சிதறடித்துக் குருடாக்குதல் போர்.

8

இதுவரை சிப்பாயின் கண்ணை அவனது மேலதிகாரியின் பக்கமிருந்து நோக்கினோம். அவனெதிரே நிற்கும் மக்களின் பக்கமிருந்தும் அதனை நோக்குதல் அவசியம்.

ஹெயிற்றியில் 1959 அளவிற் பிரான்சுவா டுவாலியே உருவாக்கிய 'தொன்தொன் மகூற்' எனப்பட்ட அடக்குமுறைப் படையினரின் கறுப்புக் கண்ணாடி, மக்களிடையே அச்சத்தின் சின்னமாயிற்று. 1973 செப்ரெம்பரிற் சிலியின் மக்களாட்சியைக் கவிழ்த்த பினோசே, கறுப்புக் கண்ணாடியுடன் கைகளைக் கட்டி அமர்ந்திருக்கும் நிழற்படம் இராணுவக் கொடுங்கோன்மையின் உருவமாகவே உலகில் நிலைத்துவிட்டது. சின்னங்களை வரலாற்றினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பதற்குப் போலந்து ஓர் எடுத்துக்காட்டு. 1981 டிசெம்பர் 13ஆம் திகதி அங்கே இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்த ஜெனரல் யாருசெல்ஸ்கியின் கறுப்புக் கண்ணாடியையும் பலர் அவ்வாறே வாசித்தனர். அதன் தோற்றுவாயோ வேறு. 1941இற் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கு உழைத்த இளமைக்காலத்திற் பனியொளி அவரது கண்களைப் பழுதாக்கியிருந்தது. பனியினாற் கண்ணிழந்த செனோபனின் சிப்பாய்கள் இங்கே எம் நினைவுக்கு வருகின்றனர். துன்புற்ற கண்ணும் அதிகாரத்திலமர்ந்தபின் பிறருக்குத் துன்பத்தின் சின்னமாகலாம் என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பாடம்.

சோதனைச் சாவடிகளிடையே வளர்ந்த தலைமுறையினராகிய எமக்கு, கண் தெரியாத முகமொன்றின் முன்னே அடையாள அட்டையை நீட்டி நிற்பதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஆக்கிரமிப்புப் படைகளின் தலைமைகளும் இதனை உணர்ந்திருந்தன. 2003இற் பிரித்தானியப் படையினர் ஈராக்கின் பஸ்ராவிலே தலைக்கவசத்தை நீக்கித் துணித்தொப்பி அணிந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மக்களுடன் பேசினர். வட அயர்லாந்தில் தாம் கற்ற பாடமென அதனை அவர்கள் பெருமையாகக் கூறினர். அவ்வாண்டு யூன் 24ஆம் திகதி, பஸ்ராவுக்கு வடக்கே மஜார் அல்-கபீர் நகரில் பிரித்தானிய இராணுவப் பொலிசார் அறுவர் கொல்லப்பட்டனர். 2010 ஓகஸ்ற் முதலாந் திகதி ஆப்கானிஸ்தானில் ஜெனரல் பெற்றேயஸ் தம் படைகளுக்கு விடுத்த வழிகாட்டலில், கால்நடையாகச் சென்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மக்களை முகத்துக்கு முகம் சந்திக்குமாறு கேட்டுக்கொண்டார். 'ஓக்லி' என்ற வணிகப் பெயரே அவ்விராணுவ ஆவணத்தில் இடம்பெற்றது.

இவ்வழிகாட்டல் கண்ணைப் பற்றிய நீண்ட முரணை அதன் உச்சத்துக்குக் கொணர்ந்தது. துணுக்கினின்றும் காக்க அணிவிக்கப்பட்ட கண்ணாடி, மக்களின் நம்பிக்கையைப் பெறுவதற்காகக் கழற்றப்படவேண்டியதாயிற்று. வீதியோரத்துக் குண்டின் அபாயம் அதனாற் குறையவில்லை. சிப்பாயின் கண் இப்பொழுது பிரசாரக் கருவியுமாயிற்று. மக்களோ ஏமாறவில்லை. அவர்களைப் பிரித்துநின்றது கண்ணாடியன்று. யார் யாருடைய மண்ணில் எதற்காக நிற்கின்றனர் என்ற உறவே அவர்களைப் பிரித்தது. பதினோராண்டுகளின் பின்னர், 2021 ஓகஸ்றில், அப்படைகள் காபூலிலிருந்து வெளியேறின.

9

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிபுகளுக்கு வரலாம். வீரயுக விழுமியத்திற் கண் வீரனுக்குரியது. அதன் பெருமையும் அழிவும் அவனைச் சார்ந்தவை. அரசு ஊதியமளித்துப் பேணும் நிரந்தரப் படையிற் கண் அரசின் கருவியாயிற்று. பயன் வேண்டப்பட்டபோது அது காக்கப்பட்டது. கீழ்ப்படிவு வேண்டப்பட்டபோது வெளிக்காட்டப்பட்டது. நற்பெயர் வேண்டப்பட்டபோது காப்பு நீக்கப்பட்டது. எச்சந்தர்ப்பத்திலும் கண்ணுக்குரியவனின் விருப்பம் விதியின் தொடக்கப்புள்ளியாக அமையவில்லை.

சிப்பாய் பெரும்பாலும் ஏழைக் குடியானவனின் அல்லது தொழிலாளியின் பிள்ளை என்பதை நாம் மறத்தலாகாது. அவன் பிறர்மீது செலுத்தும் கொடுமையைக் கண்டிக்கும் நாம், அவன்மீது செலுத்தப்படும் உடைமையுரிமையையும் ஒருங்கே ஆராயவேண்டும். இரண்டும் ஒரே அமைப்பின் இரு முகங்கள். தன் கண்ணின்மீது உரிமையற்றவனைக்கொண்டே மற்றவரின் கண்கள் தாழவைக்கப்படுகின்றன.

இத்தகைய ஆய்வு படைகளுடன் நின்றுவிடலாகாது. கல்லுடைக்கும் இடங்களிலும் உலோக ஒட்டுவேலைத் தளங்களிலும் உப்பளங்களிலும் உழைப்போரின் கண்களுக்கு எக்காப்பு, யாரால், எவ்விதியின்கீழ் வழங்கப்படுகிறது என்பது எமது சூழலில் விரிவாக ஆராயப்படவேண்டிய பொருளாகும். அணுவெடிப்பைக் காண வந்தோரின் கண்களைக் காத்த கரிய கண்ணாடி, முதலில் ஒரு தொழிலாளியின் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. அத்தொழிலாளிக்கு இன்று அது கிடைக்கிறதா என்ற வினாவிலிருந்து அவ்வாய்வு தொடங்கலாம்.